அமுக்கு, பிடி, விடு

ஆறு மாதங்களாக எங்கள் கார் கிளப்பில் பேசியதெல்லாம் எஞ்சினைப் பற்றித்தான். யாருடைய வண்டிக்கு எத்தனை கிலோவாட், சைலன்சரை மாற்றினால் இன்னும் எவ்வளவு கூடும், ஏர் ஃபில்டரைப் பெரிதாக்கினால் சத்தம் மட்டும் கூடுமா இழுவையும் கூடுமா என்று, மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் தென்னாப்பிரிக்காவில் டர்பனின் தென்கோடியில், இசிப்பிங்கோ கடற்கரையோரம் கூடி, பானெட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆறிப்போன சமோசாவைக் கையில் பிடித்தபடி மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். பிரேக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. நானும் திறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; ஏனென்றால், ஒன்பது வண்டிகள் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் பயணம் செய்து ஜொகன்னஸ்பர்க்கை அடுத்த கியலாமி பந்தயப் பாதையில் ஓடிய அந்த வார இறுதியில், பிரேக் பிடிக்காமல் போனது என் வண்டிக்குத்தான்.

நான் கோயம்புத்தூர்க்காரி. லேத் பட்டறைகளுக்கும் பம்ப் கம்பெனிகளுக்கும் நடுவில் வளர்ந்தவள். எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனபோது ஊரே கொண்டாடியதாம்; அதற்கு முந்தைய ஆண்டே நான் கல்யாணமாகி டர்பனுக்கு வந்துவிட்டேன். என் கணவரின் குடும்பம் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறை. முதல் கப்பலான ட்ரூரோ மதராஸிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பர் 16ஆம் தேதி. எங்கள் வீட்டாரின் முன்னோர் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தவர்கள். இங்குள்ள பெரும்பாலான தமிழ் வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிலும் ஆங்கிலம்தான் பேச்சுமொழி. அத்தைக்குத் தமிழ் நன்றாக வரும். கணவருக்குக் கேட்டால் புரியும். வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான் வரும். சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தருகிறேன் நான்; என் சொந்த மகளே அந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எனக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

வண்டி என் மாமனாருடையது. டொயோட்டா ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ, 1.8 லிட்டர், 141 கிலோவாட், டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டும் கருவி) கிடையாது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றைத் தாண்டியபிறகே அதற்கு உயிர் வரும். அதற்குக் கீழே அரிசி மூட்டை ஏற்றிப் போகிற சாதுவான வண்டிதான். மாமா நாற்பது ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தவர். அவர் காலமானபின், கணவருக்குத் தம் பாக்கியே (பிக்கப் வண்டிக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர்) போதும் என்றாகிவிட்டதால் சாவி என்னிடம் வந்தது. “ஓடுறது பெருசில்ல, நிக்குதான்னு பாரு” என்று வண்டி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். அவர் இருந்தவரை ஆண்டுக்கொருமுறை பிரேக் ஆயில் மாற்றப்பட்டது. அவர் போனபின் நான் புதுச் சைலன்சர் மாட்டினேன்.

பெண்கள் தினமான ஆகஸ்ட் 9 வெள்ளிக்கிழமையில் வந்ததால் மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. 1956இல் அதே நாளில் ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவின் அரசுத் தலைமையகத்துக்கு நடந்துபோய், கறுப்பின மக்கள் அனுமதிச்சீட்டோடுதான் நடமாட வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்த நினைவாக வரும் விடுமுறை அது. கிளப்பில் ஓட்டுகிற பெண் நான் ஒருத்திதான் என்பதால் இதை வைத்து ஆண்கள் செய்த வேடிக்கைப் பேச்சை இங்கே எழுதப்போவதில்லை. அத்தைக்கோ வேறு கவலை. ஆடி வெள்ளியன்று, கோயிலில் கூழ் ஊற்றுகிற நாளில், வீட்டு மருமகள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆயினும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, ஒன்பது வண்டிகளுக்கும் கற்பூரம் காட்டி, ஒவ்வொரு வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினார். முப்பத்தாறு எலுமிச்சை. நசுங்கிய வாசனை மரியன்ஹில் சுங்கச்சாவடி வரை வண்டிக்குள் இருந்தது.

என்3 நெடுஞ்சாலை டர்பன் துறைமுகத்தையும் ஜொகன்னஸ்பர்க்கையும் இணைக்கிறது. நாட்டின் சரக்கில் பெரும்பங்கு இந்தச் சாலையில்தான் போகிறது என்பதால், பீட்டர்மரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் லாரிகளின் பின்னால் பொறுமையாக ஊர வேண்டும். டர்பன்காரர்களுக்கு இறக்கத்தில் வரும் லாரியைக் கண்டால் வயிறு கலங்கும். 2013 செப்டம்பரில் பைன்டவுனை ஒட்டிய ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த லாரி ஒன்று டாக்ஸிகள் மீது ஏறி 24 பேர் இறந்தார்கள். அதற்குப்பின் அந்த இறக்கத்தில் பெரிய லாரிகளுக்குத் தடை வந்தது. அந்த இடத்தை இன்றும் எங்கள் வீட்டில் யாரும் பேசிக்கொண்டே கடப்பதில்லை. அன்று காலை எதிர்த்திசையில் இறங்கி வந்த லாரிகள் கீழ் கியரில் முனகிக்கொண்டு ஆமை வேகத்தில் வருவதைப் பார்த்தபோதும், பிரேக் சூடாகாமல் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான் இப்படி வருகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் என் வண்டியோடு அதைச் சேர்த்து நினைக்கவில்லை.

வான் ரீனன் கணவாயில் ஏறும்போது பின்சீட்டில் ‘டப்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், மகள் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட்டுகள் எல்லாம் பலூனாக ஊதியிருந்தன, ஒன்று வெடித்துவிட்டது. கடல்மட்டத்தில் அடைத்த காற்று உள்ளே அப்படியே இருக்க, வெளியே காற்றழுத்தம் குறைந்துகொண்டே போவதால் வருகிற வேடிக்கை இது. வெடித்த பாக்கெட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதே, என் வலது காலுக்கும் அதே செய்தி கிடைத்தது: எவ்வளவு மிதித்தாலும் வண்டி மந்தமாக இழுத்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் பத்து விழுக்காட்டை இழந்துவிடும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் தோராயக் கணக்கு. கியலாமி இருக்கும் மேட்டுநிலம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே என் வண்டியின் 141 கிலோவாட் 120ஐ ஒட்டி வந்து நின்றுவிடும். ஆறு மாதம் பேசிப்பேசிச் சேர்த்த கிலோவாட்டுகளைப் போல இரண்டு மூன்று மடங்கை ஒரு மலைச்சரிவு எடுத்துக்கொண்டது. கோல்ஃப் ஜிடிஐ கார் வைத்திருக்கும் பள்ளி ஆசிரியர் மட்டும் டர்போவின் தயவில் சிரித்த முகத்தோடு எங்களைத் தாண்டிப் போனார்.

இந்தக் கணக்குக்கு வரலாறும் உண்டு. ஃபார்முலா ஒன்னில் டர்போ எஞ்சினை முதலில் கொண்டுவந்த ரெனோ, அடிக்கடி புகைவிட்டு நின்றுபோவதால் கேலிக்கு ஆளாகியிருந்த காலத்தில், 1979இல் இதே கியலாமியில்தான் ஜான் பியர் ஜபுயி அந்த வண்டியை முதல் வரிசையின் முதல் இடத்தில் நிறுத்தினார். டர்போ வண்டி ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதன்முறை. பந்தயத்தில் எஞ்சின் கைவிட்டது. ஆனால் அடுத்த ஆண்டு ரெனே ஆர்னூ அங்கேயே வென்றார். மெலிந்த காற்றை அமுக்கிக் கெட்டியாக்கி எஞ்சினுக்கு ஊட்டுகிற டர்போவுக்கு மேட்டுநிலம் சாதகம். மற்றவர்கள் மூச்சு வாங்குகிற இடத்தில் அதற்கு மூச்சு வாங்காது.

1979 பந்தயத்தை மாமா நேரில் பார்த்தவர். ஹாரிஸ்மித் ஊரில் நாங்கள் பெட்ரோலுக்கும் தேநீருக்கும் நின்றபோது கணவர் அதைச் சொன்னார். நான்கு நண்பர்கள், ஒரு பழைய டாட்ஸன், ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கோழிக்கறி, ரொட்டி. வியாழன் இரவு கிளம்பியவர்கள் வான் ரீனனைத் தாண்டியதும் வண்டியை எங்கும் நிறுத்தவில்லை. ஏனென்றால் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். 1891இல் போட்ட சட்டத்தின்படி அங்கே இந்தியர் குடியிருக்கக் கூடாது. கடந்து போகலாம், தங்கக் கூடாது. 1980களின் நடுப்பகுதி வரை அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது. ஆகவே ஹாரிஸ்மித், வார்டன், விலியர்ஸ் என்று வரிசையாக வருகிற ஊர்களில் ஒன்றில்கூடக் கால் வைக்காமல், தூக்கம் வந்தால் ஓட்டுகிற ஆளை மாற்றிக்கொண்டு, வால் நதியைத் தாண்டியபிறகே வண்டியை ஓரம் கட்டினார்களாம். நாங்கள் ஹாரிஸ்மித்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கிளப்பின் பல் மருத்துவர் இரண்டாவது தேநீருக்கும் சொன்னார். தேநீர் சுமார்தான்.

கியலாமி 1961இல் திறந்தது. ஜூலு மொழியில் ‘என் வீடு’ என்று பொருள். 1967 முதல் 1985 வரையும், பாதையை மாற்றிக் கட்டியபின் 1992, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரீ அங்கே நடந்தது. அதற்கு முன்னால் அந்தப் பந்தயம் நடந்த இடம் கடலோரத்து ஈஸ்ட் லண்டன். 1962 டிசம்பரில் கிரஹாம் ஹில் தம் முதல் உலகப் பட்டத்தை அங்கேதான் உறுதி செய்தார். கியலாமி 2014இல் ஏலத்துக்கு வந்து 205 மில்லியன் ராண்டுக்குப் போனது. வீடுகள் கட்டிவிடுவார்களோ என்று அப்போது எங்கள் பக்கத்தில்கூடப் பேச்சு இருந்தது. பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்த ராய் ஹெஸ்கெத் பந்தயப் பாதை 1981இல் மூடியபின் என்ன ஆனது என்பதை எங்கள் நட்டால் மாகாணத்துக்காரர்கள் பார்த்தவர்கள் அல்லவா. நல்லவேளையாக வாங்கியவர் கார் தொழிலில் இருப்பவர். பாதை புதுப்பிக்கப்பட்டு இப்போது நான்கரை கிலோமீட்டர் நீளம்.

சனிக்கிழமை காலை உறைபனி. மேட்டுநிலத்தின் குளிர்காலப் புல் வைக்கோல் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. டயரில் காற்றைச் சரிபார்க்கப் போனால், டர்பனில் அளந்து வைத்ததைவிட மீட்டர் கூடுதலாகவே காட்டியது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததால் மட்டும் 0.17 பார் ஏறிவிடும். சிப்ஸ் பாக்கெட் செய்த அதே வேலையை டயரும் செய்கிறது. ஓடி ஓடிச் சூடானால் இன்னும் ஏறும் என்பதால் முதலிலேயே கொஞ்சம் இறக்கிவிடச் சொன்னார்கள். வண்டிக்குள் உருளக்கூடிய பொருள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். தண்ணீர்ப் புட்டி, குடை, மகளின் செருப்பு, டாஷ்போர்டில் இருந்த பிள்ளையார். பேட்டரி ஆடாமல் இருக்கிறதா, வீல் நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, இழுத்துச்செல்லும் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று ஒருவர் பார்த்தார். பிரேக் கட்டையின் கனத்தையும் சக்கர இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிரேக் ஆயில் அளவு சரியாக இருந்தது. எத்தனை ஆண்டு பழையது என்று அவர் கேட்டார். நான் “போன வருஷம்” என்றேன். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

பிறகு ஓட்டுநர்களுக்கான விளக்கக் கூட்டம். மஞ்சள் கொடிக்கு வேகத்தைக் குறைத்துத் தாண்டாமல் வா, சிவப்புக்கு ஓட்டத்தை விட்டுவிட்டு மெதுவாக உள்ளே வா, நீலத்துக்குப் பின்னால் வருகிறவருக்கு வழி விடு. கொடி காட்டுகிறவர்களை மதியுங்கள் என்று பேசியவர் இருமுறை சொன்னார். 1977இல் இதே இடத்தில், நின்றுபோன ஒரு காரின் தீயை அணைப்பதற்காகத் தீயணைப்புக் கருவியோடு பாதையைக் குறுக்கே கடந்த பத்தொன்பது வயது உதவியாளர் ஒருவர், முழு வேகத்தில் வந்த டாம் பிரைஸின் வண்டியில் அடிபட்டு இறந்தார். அந்தக் கருவி தலையில் மோதிப் பிரைஸும் அங்கேயே இறந்தார். அதைச் சொன்னபோது கூடத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. வழக்கமான கார் காப்பீடு பந்தயப் பாதைக்குச் செல்லாது என்றும் நினைவூட்டினார்கள். அப்போது சில நாற்காலிகள் நகர்ந்தன.

முதல் இருபது நிமிடம் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர், அதிகம் பேசாதவர். இரண்டு சுற்று முடிந்ததும் என் எஞ்சினைப் பற்றியோ வளைவில் நான் திருப்பியதைப் பற்றியோ ஒன்றும் சொல்லாமல், பிரேக்கைத் தப்பாக மிதிக்கிறேன் என்றார். இருபது ஆண்டு வண்டி ஓட்டியவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் பிரேக்கை முதலில் இலேசாகத் தொட்டு, போகப்போக அழுத்தி, கடைசியில் வண்டி நிற்கும் தருணத்தில் அதிகமாக அழுத்துகிறோம். பந்தயப் பாதையில் இது தலைகீழ். நேர்க்கோட்டில் இருக்கும்போதே முழுப் பலத்தையும் முதலில் கொடுத்துவிட வேண்டும். வண்டியின் எடை முன்சக்கரங்களின் மேல் சாய்ந்து, டயர் சாலையைக் கவ்விக்கொள்ளும். பிறகு வளைவுக்குள் ஸ்டியரிங் திரும்பத் திரும்ப, கால் அந்த அளவுக்கு ஏற்றபடி பெடலிலிருந்து மெல்லமெல்ல வெளியே வர வேண்டும். கோலத்தில் மாவைப் பிடியிலிருந்து விடுவது போல என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சட்டென்று விட்டால் கோடு அறுந்துவிடும். நான்காவது சுற்றில் ஒரே ஒரு வளைவில், சன்செட்டில், அது சரியாக வந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்காக மிச்ச நாள் முழுக்க அலைந்தேன் என்றே சொல்லலாம்.

அலைந்ததன் விலையை இப்போது கணக்குப் போட்டுச் சொல்ல முடிகிறது. 1,200 கிலோ வண்டி மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறங்கும்போது, வேகம் பாதியாகிறது, இயக்க ஆற்றலோ கால்பங்காகிவிடுகிறது. மீதி முக்கால் பங்கு பிரேக்கில் வெப்பமாகிறது. அது ஏறத்தாழ 9 லட்சம் ஜூல். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு, மூன்று வினாடிக்குள், நான்கு இரும்புத் தட்டுகளில், அதிலும் பெரும்பகுதி முன்னிரண்டில் இறங்குகிறது. ஊரில் இப்படி ஒருமுறை மிதித்தால் அடுத்த சிக்னல் வருவதற்குள் ஆறிவிடும். இங்கே அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. கிளைகால் சார்ந்த திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணம். என் வண்டியில் இருந்தது டாட் 4 வகை. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரம்; 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் 155 வரை இறங்கிவிடலாம். இசிப்பிங்கோவில் உப்பு ஜாடியில் அரிசி போட்டு வைக்காவிட்டால் உப்பே இளகி நிற்கும். அந்தக் காற்றில் ஐந்து ஆண்டு இருந்த திரவம் எவ்வளவு ஈரம் குடித்திருக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். திரவம் கொதித்துக் குழாயில் குமிழி கட்டினால், கால் கொடுக்கிற அழுத்தமெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்து, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

மூன்றாவது ஓட்டத்தில், ஆறாவது சுற்றில் அது நடந்தது. லீயூகோப் வளைவைக் கடந்தபின் பாதை சட்டென்று கீழே விழுகிறது. மைன்ஷாஃப்ட் என்று பெயர். தங்கச் சுரங்கங்களின் பூமியில் பொருத்தமான பெயர்தான். அடிவாரத்தில் க்ரொக்கடைல்ஸ் வளைவுகள். இறக்கத்தில் வேகம் தானாக ஏறியிருந்தது. வழக்கமான அடையாளத்தில் காலை வைத்தேன். பெடல் கீழே போனது. இலவம்பஞ்சுத் தலையணையை மிதித்தது போல, எந்த எதிர்ப்பும் இல்லாமல், தரைவரை போனது. அந்தக் கணத்தில் என்ன நினைத்தேன் என்று பலர் கேட்டார்கள். ஒன்றும் நினைக்கவில்லை. கால் மட்டும் தானாகவே மேலே வந்து மறுபடி மிதித்தது, மறுபடியும் மிதித்தது. மூன்றாவது மிதியில் பாதி பெடல் கிடைத்தது. கை கியரை மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் இழுத்தது, எஞ்சின் ஓலமிட்டது. வளைவுக்குள் திரும்ப முயலாமல் நேராக விட்டேன். பாதைக்கு வெளியே இருந்த திறந்தவெளியில் வண்டி குலுங்கிக் குலுங்கி, புழுதி மேகத்துக்குள் போய் நின்றது. கொடிக்காரர் மஞ்சளை ஆட்டிக்கொண்டிருந்தார். கருகிய கம்பளி நாற்றம். கண்ணாடியில் பார்த்தேன், பின்சீட்டில் யாரும் இல்லை என்பது தெரிந்திருந்தும் பார்த்தேன்.

கியரையும் கைப்பிரேக்கையும் நம்பி, ஓரமாக ஊர்ந்து பிட்டுக்கு (வண்டிகளை நிறுத்திப் பழுதுபார்க்கும் இடத்துக்கு) வந்து சேர்ந்தேன். கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தப் போனபோது பயிற்சியாளர் ஓடிவந்து தடுத்தார். கொதிக்கிற இரும்பில் பிரேக் கட்டையை அழுத்தி வைத்தால் ஒட்டிக்கொள்ளும், தட்டும் கோணும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு எதையாவது முட்டுக்கொடு என்றார். பக்கத்துக் கூடாரத்தில் சுட்ட இறைச்சிக்காக அடுக்கியிருந்த விறகிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து வந்தோம். எங்கள் கூடாரத்தில் ஆடி மாதத்தை முன்னிட்டுச் சோயா பிரியாணி. விறகு கொடுத்தவர்களுக்கு ஒரு தட்டுப் போனது. திரும்பி வந்து கேட்டு இன்னொரு தட்டும் போனது.

நாற்பது நிமிடம் ஆறவிட்டபின் சக்கரங்களைக் கழற்றினார்கள். தென்னாப்பிரிக்காவுக்கென்றே தனியாகச் செய்யப்பட்ட பழைய பி.எம்.டபிள்யூ. 325 ஐஎஸ் ஒன்றைக் கண்ணைப் போலக் காத்து வருகிற எங்கள் பல் மருத்துவர், மூடி திறக்காத புது பிரேக் ஆயில் ஒரு லிட்டர் வைத்திருந்தார். கிளப்பில் அதை எடுத்து வந்தவர் அவர் ஒருவரே. ஆறு மாதப் பேச்சில் ஒருமுறைகூட அதைப் பற்றி அவர் வாய் திறக்காததை எண்ணி எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஏர் எடுக்க, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து, காற்று வெளியேறும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பெடல் மிதிப்பதைத் திரவத்தின் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு அது இடப்பக்கப் பின்சக்கரம். கணவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படுத்தார். ஊறுகாய் ஜாடி ஒன்றில் தெளிவான ரப்பர் குழாயை விட்டு, மறுமுனையை நிப்பிளில் மாட்டினார். நான் உள்ளே உட்கார்ந்தேன்.

“அமுக்கு” என்றார்.

என் காதை நான் நம்பவில்லை. இருபது ஆண்டு மண வாழ்க்கையில் அவர் எனக்குத் தமிழில் கட்டளை எதையும் இட்டதில்லை. பசித்தால்கூட ஆங்கிலத்தில்தான் பசிக்கும். அமுக்கினேன். “பிடி” என்றார். நிப்பிள் திறந்தது, கால் கீழே போனது, குழாயில் ஏதோ சளசளத்தது. மூடினார். “விடு.” மறுபடி “அமுக்கு… பிடி… விடு.” குரல் அவருடையதாக இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, ‘பிடி’யில் இழுத்து, ‘விடு’வை வெட்டி, மாமா பேசுவது போலவே இருந்தது. பிறகு கேட்டபோது, ஏழு வயதிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் அப்பாவின் பட்டறையில் பெடல் மிதிக்கிற வேலை தன்னுடையது என்றும், சீட்டின் நுனிக்கு நகர்ந்தால்தான் கால் எட்டும் என்றும், அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தனக்கு இன்றுவரை தெரியாது என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் நான்காவது சக்கரத்துக்கு வருவதற்குள் அந்த மூன்று சொற்களையும் கற்றுக்கொண்டார். ‘விடு’ அவர் வாயில் ‘ஃபீடு’ என்று வந்தது. எனக்கும் கால் ஓய்ந்துபோனதால் கடைசிச் சக்கரத்துக்கு அவரே பெடல் மிதித்தார்.

ஜாடியில் சேர்ந்த திரவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். புதியது வெளிர்மஞ்சளாக, நல்லெண்ணெயைவிடத் தெளிவாக இருந்தது. என்னுடையது அடியில் கசடு படிந்த ரசத்தின் நிறம். காலையில் வண்டியைப் பரிசோதித்தவர் அந்த வழியே போகையில் ஜாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போன வருஷம் மாற்றியது என்ற என் வார்த்தை எங்கள் மூவருக்கும் நடுவில் அந்த ஜாடியிலேயே இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். புதுத் திரவத்தின் மூடிய புட்டியை எடுத்துக் காட்டச் சொல்லி, பெடலைத் தம் கையாலேயே ஐந்தாறு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, கடைசி ஓட்டத்துக்கு அனுமதித்தார்.

அந்தக் கடைசி ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெதுவாகத்தான் ஓட்டினேன். மைன்ஷாஃப்டில் வழக்கமான அடையாளத்துக்கு வெகு முன்னாலேயே மிதித்தேன். கல்லைப் போல நின்றது பெடல். பள்ளி ஆசிரியர் என்னை மூன்று முறை தாண்டிப்போனார். இரண்டு சுற்றுக்கொருமுறை பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று ஆறவிட்டேன். வெயில் சாய்ந்து, வைக்கோல் நிறப் புல் செம்பு நிறமாகும் நேரத்தில் கட்டம்போட்ட கொடி காட்டினார்கள்.

ஞாயிறன்று இறக்கம் முழுவதும் லாரிகளின் பின்னால் கீழ் கியரில் வந்தேன். பின்னால் வந்தவர்கள் எரிச்சலில் ஒளி அடித்தார்கள். கியலாமியில் குடித்துவிட்டு மூடி வைத்த தண்ணீர்ப் புட்டி பீட்டர்மரிட்ஸ்பர்க் வருவதற்குள் ஒடுங்கி நசுங்கிவிட்டதை மகள் கண்டுபிடித்தாள்; சிப்ஸ் பாக்கெட்டின் கதை திரும்பி நடக்கிறது என்று அவளே காரணமும் சொன்னாள், ஆங்கிலத்தில்.

அதற்கடுத்த சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்து வந்து பார்த்தால், கணவர் தம் பாக்கியை முற்றத்தில் ஜாக்கி போட்டு ஏற்றி வைத்திருந்தார். அதற்கும் ஏழெட்டு ஆண்டாகத் திரவம் மாற்றவில்லையாம். ஊறுகாய் ஜாடி, ரப்பர் குழாய், ஸ்பேனர் எல்லாம் தயார். சீட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள், நுனிக்கு நகர்ந்து. சக்கரத்தடியிலிருந்து குரல் வந்தது. அவள் அமுக்கினாள். அடுத்த சொல்லுக்கு அவள் காலை எடுத்துவிட, ஜாடியில் காற்று குபுகுபுவென்று திரும்பிப் போனது.

“பிடின்னா பிடிச்சுக்கணும், கண்ணு” என்றார் அத்தை, வாசற்படியில் கீரை ஆய்ந்தபடி. “நான் சொல்ற வரைக்கும் விடாதே.”

மறுபடி இடப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து தொடங்கினார்கள்.